பெற்றவளை ஒளிக்காதீர்கள்: அமெரிக்காவில் தத்தெடுக்கக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். மினசோட்டாவில் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்பவள் என்பதால் உங்களில் பலர் எனக்குப் போன் செய்கிறீர்கள். எந்த ஏஜென்சி நல்லது, எவ்வளவு செலவாகும், எத்தனை வருஷம் காத்திருக்கணும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்கிறீர்கள்: "க்ளோஸ்டு அடாப்ஷன் கிடைக்குமா? பெத்த பொண்ணு பின்னாடி தேடிக்கிட்டு வரக் கூடாது." பெற்றவளுக்கும் நமக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத தத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். போன மாதம் பேசிய ஒரு தம்பி இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: "ஜூனோ படத்துல வருமே அக்கா, அந்த மாதிரி. பெத்துக் கொடுத்துட்டு அவ பாட்டுக்குப் போயிடுவா. அப்படி அமைஞ்சா போதும்."

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். க்ளோஸ்டு அடாப்ஷன் கேட்காதீர்கள். ஏஜென்சியே முன்வந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கான காரணங்களை அந்தப் படத்தை வைத்தே சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த படம் அது. கதை நடப்பதும் நாங்கள் இருக்கும் இதே மினசோட்டாவில்தான்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2007 டிசம்பரில் வந்த படம். இயக்கம் ஜேசன் ரைட்மேன். எழுதியவர் டியாப்லோ கோடி, முதல் திரைக்கதைக்கே ஆஸ்கர் வாங்கினார். பதினாறு வயது பள்ளி மாணவி ஜூனோவாக எலியட் பேஜ் நடித்திருக்கிறார். கூடப் படிக்கும் பாலி ப்ளீக்கரால் ஜூனோ கர்ப்பமாகிறாள். கருக்கலைப்பு மையத்துக்குப் போய்விட்டு, மனம் மாறித் திரும்பி வருகிறாள். இலவச விளம்பரப் பத்திரிகை ஒன்றில் குழந்தைக்காக ஏங்கும் ஒரு தம்பதியின் படத்தைப் பார்க்கிறாள். வனெஸா, மார்க் என்ற அந்த இருவருக்கும் குழந்தையைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுக்கிறாள். கருவைக் கலைப்பதா பெறுவதா என்று முடிவு செய்யும் வாய்ப்பு ஜூனோவுக்கு இருந்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவில் 2022 ஜூனில் வந்த கருக்கலைப்புத் தடைக்குப் பிறகு இதே நிலையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அந்தத் தம்பி சொன்ன காட்சிக்கு வருகிறேன். ஜூனோ தன் அப்பாவோடு வனெஸாவின் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிறாள். பளபளவென்று துடைத்து வைத்த வரவேற்பறை. வக்கீல் அம்மா காகிதங்களோடு உட்கார்ந்திருக்கிறார். பெற்றவளோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் ஓப்பன் அடாப்ஷனா, போட்டோவும் கடிதமும் அனுப்பி வைக்கவா என்று பேச்சு வருகிறது. ஜூனோ உடனே மறுக்கிறாள். பழைய காலத்து மாதிரியே செய்துவிடலாமே, பைபிளில் குழந்தை மோசேயைக் கூடையில் வைத்து ஆற்றில் விட்டது போல அனுப்பிவிடுகிறேன் என்கிறாள். வனெஸாவின் முகத்தில் நிம்மதி. தியேட்டரில் எல்லோரும் சிரிக்கும் இடம் அது.

நாம் கூடையில் மிதந்து போன இன்னொரு குழந்தையின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள். குந்தியும் கல்யாணமாகாத சின்னப் பெண்தான். கர்ணனை ஆற்றில் விட்டுவிட்டு வாயே திறக்காமல் இருந்தாள். தன்னைப் பெற்றவள் யார் என்பது அவனுக்குத் தெரிய வந்தபோது போர் வாசலில் நின்றது. அந்தக் கதையைத் தாலாட்டாகவும் கூத்தாகவும் சினிமாவாகவும் கேட்டு அழுத நாம், நம் வீட்டுக்கு வரும் குழந்தைக்கு மட்டும் அதே மௌனத்தை எப்படிக் கேட்கிறோம்?

ஜூனோ அப்படிப் பேசுவதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பதினாறு வயதில், வயிற்றில் பிள்ளையோடு, முன்பின் தெரியாதவர்கள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்திருக்கும் பெண் அப்படித்தான் பேசுவாள். அவளுக்கு அந்த உரிமையும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நாற்பது வயதில் இருக்கும் நாம் ஆதாயம் தேடுவதுதான் தப்பு.

அதோடு, படத்தை முழுதாகப் பாருங்கள். வாயால் 'க்ளோஸ்டு' என்று சொன்ன பெண் அதற்குப் பிறகு என்ன செய்கிறாள்? ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடுகிறாள். அடிக்கடி போய் வருகிறாள். புருஷன் பெண்டாட்டி நடுவில் இருக்கும் விரிசலைக்கூடப் பார்த்துவிடுகிறாள். ஷாப்பிங் மாலில் வனெஸாவைத் தற்செயலாகச் சந்திக்கும் காட்சிதான் எனக்குப் படத்தின் உயிர். வனெஸா அங்கே தோழியின் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். ஜூனோவின் வயிற்றில் குழந்தை உதைக்கிறது. தொட்டுப் பாருங்கள் என்கிறாள். வனெஸா தொடுகிறாள், குழந்தை அசையவில்லை. பேசிப் பாருங்கள், கேட்கும் என்கிறாள் ஜூனோ. அத்தனை பேர் நடமாடும் இடத்தில் வனெஸா மண்டியிட்டு, அந்த வயிற்றிடம் மெல்லப் பேசுகிறாள். குழந்தை உதைக்கிறது.

பின்னால் கணவன் விட்டுப் போன பிறகும் அவளுக்கே குழந்தையைக் கொடுக்கலாம் என்று ஜூனோ துணிகிறாள் என்றால், அந்த நம்பிக்கைக்கு விதை விழுந்தது அந்த மாலில்தான். மார்க் போனாலும் நான் மாறவில்லை, உனக்குச் சம்மதமா என்ற அர்த்தத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாசலில் வைத்துவிட்டுப் போகிறாளே, முகம் தெரியாத ஒருத்திக்கு யாரும் அப்படி எழுத மாட்டார்கள். க்ளோஸ்டு அடாப்ஷனுக்கு நீங்கள் சாட்சியாகக் காட்டும் இந்தப் படம், பெற்றவளும் வளர்ப்பவளும் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டதால்தான் எல்லாம் கூடி வந்தது என்று காட்டுகிறது.

படம் சொல்லாமல் தாண்டிப் போகும் விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மினசோட்டா சட்டப்படி, குழந்தை பிறந்து 72 மணி நேரம் ஆகும் முன் பெற்ற தாய் தத்துச் சம்மதத்தில் கையெழுத்துப் போட முடியாது. போட்ட பிறகும் பத்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு, விசாரித்துக்கொள்ளுங்கள். படத்தில் ஜூனோ பிரசவ அறையில் அழுகிறாள். பாலி ஓட்டப்பந்தய உடையோடு வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். அடுத்து வெயில் காலம், கிட்டார், பாட்டு. நடுவில் இருக்கும் அந்த இரண்டு வாரம் படத்தில் இல்லை.

நாங்கள் அந்த இரண்டு வாரத்தைக் கடந்திருக்கிறோம். குழந்தை எங்கள் மடியில். பெற்றவள் பதினேழு வயதுப் பெண், வேறு ஊரில், பால் கட்டி வலியோடு. திருநெல்வேலியிலிருந்து அம்மா தினமும் போனில் "தொட்டில் எப்ப போடுதிய?" என்று கேட்பார். "பொறுங்கம்மா" என்பேன். அந்த நாட்களில் என் வேண்டுதல் எதுவாக இருந்தாலும் அது இன்னொரு பெண்ணின் துக்கத்தின் மேல் நிற்கிறது என்பது எனக்கு விளங்கியது. அந்தப் பெண் யார், எங்கிருந்து வந்தாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது என் மகளுக்கும் அவளுக்கும் சொந்தமான கதை.

சரி, ரகசியம் காப்பாற்றிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். முடியுமா?

கோர்ட் தத்து உத்தரவு போட்டதும் குழந்தைக்குப் புதிதாக ஒரு பிறப்புச் சான்றிதழ் வரும். பெற்றோர் என்ற இடத்தில் நம் பெயர்கள் இருக்கும், நாமே பெற்றது போல. பெற்றவள் பெயர் உள்ள பழைய சான்றிதழை அரசு முத்திரையிட்டு உள்ளே வைத்துவிடும். தத்து ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து முதலில் மூடிய மாநிலமே மினசோட்டாதான், 1917இல். கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை என்ற அவப்பெயர் ஒட்டக் கூடாது என்பது அன்றைய நோக்கம். போகப் போக, நாடு முழுவதும் பல மாநிலங்களில், தத்துப் பிள்ளையே வளர்ந்து வந்து கேட்டாலும் தர மாட்டோம் என்று ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களைத் தனி விடுதிகளில் ஒளித்து வைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பலருக்குக் குழந்தையைத் தூக்கிப் பார்க்கக்கூட அனுமதி கிடைக்கவில்லை. ஜூனோ விளையாட்டாகச் சொன்ன 'பழைய காலம்' அதுதான்.

அதே மினசோட்டாவில் 2024 ஜூலை 1 முதல் கதவு திறந்துவிட்டது. இங்கே பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட எவரும் பதினெட்டு வயது ஆனதும் மாநில சுகாதாரத் துறைக்கு விண்ணப்பித்துத் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம். தொடர்பு கொள்வதில் தனக்கு விருப்பம் உண்டா இல்லையா என்று பெற்ற தாய் எழுதி வைக்கலாம், ஆனால் சான்றிதழைத் தடுக்க முடியாது. நியூயார்க் 2020இல் திறந்தது. அலாஸ்காவும் கன்சாஸும் எந்தக் காலத்திலும் மூடவே இல்லை. கலிபோர்னியாவில் இன்னும் கோர்ட் உத்தரவு வேண்டும், அங்கே ஓட்டுப் போடும் தமிழர்கள் அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். படத்தில் பிறந்த அந்தக் குழந்தை நிஜமாகவே பிறந்திருந்தால், இந்நேரம் பதினெட்டை எட்டியிருப்பான். ஜூனோவின் பெயர் இருக்கும் அந்தத் தாளை அவன் கேட்டு வாங்கலாம்.

சட்டமே வேண்டாம், எச்சில் போதும். படம் வெளியாவதற்கு முந்தைய மாதம், 2007 நவம்பரில்தான், 23அண்ட்மீ கம்பெனி வீட்டிலிருந்தே எச்சில் எடுத்து அனுப்பும் டிஎன்ஏ பரிசோதனையை விற்க ஆரம்பித்தது. ரத்த உறவுகளையும் காட்டிக்கொடுக்கும் அதை இன்றைக்குப் பிறந்தநாள் பரிசாகக்கூடக் கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை காலேஜ் விடுதி அறையில் உட்கார்ந்து, தனக்கு ஒரு பெரியம்மா மகன் இருப்பதை மொபைலில் பார்த்துத் தெரிந்துகொள்வதா, அல்லது ஐந்து வயதில் உங்கள் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வதா? உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான்.

மினசோட்டாவில் கொரியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இப்போது நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். அவர்களில் பலர் இன்னும் தாயைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் உயிரோடு இருந்த குழந்தைகளையும் அநாதை என்று காகிதத்தில் பொய்யாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று தென்கொரியாவின் உண்மை கண்டறியும் ஆணையமே 2025 மார்ச்சில் சொல்லிவிட்டது. தத்தெடுத்தவர்களில் எத்தனையோ பேர் அன்பானவர்கள்தான். ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை. காத்திருக்கும் காலத்தில் அவர்களில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஏஜென்சி நடத்தும் வகுப்புகளை விட அது உங்களுக்கு அதிகம் சொல்லித் தரும்.

இனி, நம் வீடுகளில் மட்டும் பேசப்படும் பேச்சுக்கு வருகிறேன். படத்தில் ஸ்கேன் அறைக் காட்சி ஒன்று உண்டு. ஸ்கேன் எடுக்கும் பெண், குழந்தை தத்துக்குப் போகிறது என்று கேட்டதும் நல்லவேளை என்கிற மாதிரி பேசுகிறாள். இந்தச் சின்னப் பெண்கள் வளர்த்தால் குழந்தை என்ன ஆகும் என்பது போல ஒரு பேச்சு. ஜூனோவின் சித்தி ப்ரென், அப்பாவின் இரண்டாவது மனைவி, அந்த ஸ்கேன் பெண்ணைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்குகிறாள். தத்தெடுப்பவர்கள் மட்டும் யோக்கியர்கள் என்று உனக்கு எப்படித் தெரியும், உன் வேலையை நீ பார் என்று. அலிசன் ஜானி அதை நடித்திருக்கும் விதத்துக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

அந்த ஸ்கேன் பெண்ணின் குரல் எனக்குப் போனில் அடிக்கடி கேட்கிறது. "பொண்ணு எப்படிப்பட்டவளோ." "போதைப் பழக்கம் இருக்குமோ." "கலரா இருக்குமா?" அமெரிக்கக் குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கும் ஒருவர், இந்தியாவிலிருந்து எடுத்தால் என்ன ஜாதி என்று கேட்டுச் சொல்வார்களா என்றுகூடக் கேட்டார். பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கர்ப்ப கால மருத்துவ விவரங்களைக் கேட்பது வேறு, அது குழந்தைக்குத் தேவை, ஏஜென்சியிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பெற்றவளை மட்டமாக நினைக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, தன்னில் பாதியை மட்டமாக நினைத்து வளரும்.

பள்ளி வயதில் கர்ப்பமாகும் பெண்களைப் பற்றி ஊர் பேசியது கொஞ்சமல்ல. 2008இல் மாசசூசெட்ஸ் மாநிலம் க்ளாஸ்டர் ஊரில் ஒரே பள்ளியில் பதினேழு மாணவிகள் கர்ப்பமாக இருந்தபோது, பெண்கள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள், எல்லாம் ஜூனோ படத்தால் வந்த வினை என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அப்படி ஒப்பந்தம் எதற்கும் ஆதாரம் இல்லை என்று அந்த ஊர் மேயரே சொன்னார். அமெரிக்காவில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 1991இல் சுமார் 62 பிரசவங்கள். 2007இல் 41 சொச்சம். 2023இல் 13 அளவுக்கு இறங்கிவிட்டது. படத்தைப் பார்த்து யாரும் கெட்டுப்போகவில்லை.

கணவன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மார்க்கைக் கவனித்துப் பாருங்கள். கெட்டவன் இல்லை. கிட்டாரும் காமிக்ஸும் ஒரே அறைக்குள் அடங்கிப்போன மனுஷன். குழந்தை வேண்டாம் என்று ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லாமல், மனைவி ஆசைப்படுகிறாளே என்று எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் நழுவுகிறான். நம் வீடுகளிலும் இப்படித் தலையாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அம்மா நச்சரிப்பு, மனைவி கண்ணீர், சரி என்று சொல்லிவிடுவார்கள். தத்துக்கு முன் நம்மையும் நம் வீட்டையும் விசாரிக்கும் ஹோம் ஸ்டடிக்கு வரும் சோஷியல் வொர்க்கர் உங்களைத் தனியாகவும் உட்கார வைத்துக் கேட்பார். அப்போது உண்மையைச் சொல்லுங்கள்.

பாலி ப்ளீக்கரைப் படத்தில் யாரும் எதுவும் கேட்பதே இல்லை. நிஜத்தில் மினசோட்டாவில் தந்தையருக்கென்று ஒரு தத்துப் பதிவேடு இருக்கிறது. குழந்தை பிறந்து 30 நாட்களுக்குள் அதில் பதிந்துகொண்டால், தத்து பற்றிக் கல்யாணமாகாத தந்தைக்கும் தகவல் சொல்ல வேண்டும். பதினாறு வயதுப் பையனுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்? பையன் வரவில்லை, தொல்லை விட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். உங்கள் பிள்ளை ஒரு நாள் அவனைப் பற்றியும் கேட்கும். பெயர், ஊர், என்ன விளையாடுவான், யார் ஜாடை, கிடைக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

ஓப்பன் அடாப்ஷன் என்றதும் பெற்றவள் நம் வீட்டுக் கூடத்தில் வந்து குடியிருப்பாள் என்று பயப்படுகிறீர்கள். வருஷத்துக்கு எத்தனை கடிதம், எத்தனை போட்டோ, எத்தனை சந்திப்பு என்று இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்வதுதான் அது. மினசோட்டாவில் அந்த ஒப்பந்தத்தைக் கோர்ட் உத்தரவிலேயே சேர்க்கலாம். அப்புறம் அது சட்டப்படி இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அதில் சண்டை வந்தாலும் தத்து ரத்தாகாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. வாக்குக் கொடுத்து, கையெழுத்தான பிறகு போன் நம்பரை மாற்றிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அப்படிச் செய்வதானால் தத்தெடுக்கவே வேண்டாம்.

நாங்கள் குளிர்காலத்தில் செயின்ட் பாலில் கோமோ பூங்காவின் கண்ணாடி மாளிகையில் சந்திப்போம். வெளியே பனி, உள்ளே வாழையும் பெரணியும். ஒரு முறை வெளியே வந்ததும் பனியில் பட்டுத் தெறித்த வெயிலைப் பார்த்து என் மகள் அடுக்கடுக்காகத் தும்மினாள். பக்கத்தில் அவளைப் பெற்றவளும் அதே நொடியில் தும்மினாள். வெயிலைப் பார்த்தால் தும்மல் வருவது பரம்பரையாக வரும் விஷயம், எனக்கோ என் கணவருக்கோ கிடையாது. "உங்களுக்கும் வருமா?" என்று என் மகள் கேட்ட கேள்வியில் இருந்த சந்தோஷத்தை எந்த வளர்ப்புத் தாயாலும் தனியாக அவளுக்குக் கொடுத்திருக்க முடியாது. டாக்டரிடம் நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் குடும்ப நோய் வரலாறு என்ற பகுதியை நாங்கள் காலியாக விடுவதில்லை, அதுவும் இதனால்தான்.

பிள்ளை மனசு அந்தப் பக்கம் போய்விடுமோ என்பீர்கள். திரும்பவும் கர்ணனிடமே போகிறேன். கிருஷ்ணன் பிறப்பு ரகசியத்தைச் சொல்லி, ராஜ்ஜியமே உனக்கு என்று கூப்பிடுகிறான். என்னைக் கண்டதும் பால் சுரந்தவள் என்னை வளர்த்த ராதை, அவளை விட்டு வர மாட்டேன் என்கிறான் கர்ணன். தெரிந்த பிறகும் அவன் ராதேயன்தான், ராதையின் மகன்தான்.

ஏஜென்சி படிவத்தில், பெற்ற குடும்பத்தோடு எந்த அளவு தொடர்புக்குச் சம்மதம் என்று ஒரு பக்கம் வரும். அதை நிரப்பும் முன் கணவனும் மனைவியுமாக அந்த மால் காட்சியை ஒரு முறை சேர்ந்து பாருங்கள். பிறகு, வளர்ந்துவிட்ட தத்துப் பிள்ளைகளையும், பிள்ளையைக் கொடுத்த தாய்மார்களையும் சந்திக்க ஏற்பாடு செய்யச் சொல்லி ஏஜென்சியைக் கேளுங்கள். முடியாது என்று சொல்லும் ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள். இன்னும் சந்தேகம் இருந்தால், இரவு எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய்யுங்கள்.

அன்புடன்,
ஒரு வளர்ப்புத் தாய்
செயின்ட் பால், மினசோட்டா